ஆறுவாரத்தார்

ஆரணியில் பக்திக்குப் பஞ்சமில்லை. மேற்கே போனால் பெரியபாளையத்து பவானி அம்மன், கிழக்கே போனால் சிறுவாபுரி முருகன். ஆடி பிறந்துவிட்டால் வேப்பஞ்சேலை கட்டிய கூட்டம் ரோட்டை அடைத்துக்கொள்ளும். இந்தப் பக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களில் இவரை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எல்லாக் கம்பெனியிலும் ஒருவர் உண்டு. பெயர் எதற்கு, ஆறுவாரத்தார் என்று வைத்துக்கொள்வோம்.

சிறுவாபுரிக்குத் தொடர்ந்து ஆறு செவ்வாய் போனால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. மற்றவர்கள் ஆறு வாரம் போய்விட்டு பேங்க் லோனுக்கு அலைவார்கள். இவர் ஆறை முடித்த கையோடு அடுத்த ஆறைத் தொடங்கிவிடுவார். வீடு ஏற்கெனவே இருக்கிறது, மாடியோடு. "நமக்கின்னா கேக்கறதுக்கு இருக்கு? சும்மா போய் அவனப் பாத்துட்டு வர்றதுதான்" என்பார். எத்தனையாவது ஆறு என்று மட்டும் கூடவே சொல்லிவிடுவார்.

விரதமிருப்பதை அவராக வாய்விட்டுச் சொல்லமாட்டார். அது ஒரு கலை. கேன்டீனில் டீ வந்தால் கையை நெஞ்சில் வைத்து, "வேணாம்பா." ஏன் என்று யாரும் கேட்கவில்லையா, வடையையும் வேண்டாமென்பார். அதற்கும் ஒருவரும் அசையவில்லையென்றால் பக்கத்தில் இருப்பவனிடம் திரும்பி, "நீ துன்னுப்பா, செவ்வாக்கெழமைன்னுலாம் பாக்காத" என்று பெரிய மனது பண்ணுவார். அதோடு அவனுக்கு வடை இறங்காது.

விரதம் அவருக்கு, வேலை வீட்டம்மாவுக்கு. விடியுமுன் எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, தனிப்பாத்திரத்தில் சமைத்து, ஐயா கும்பிட்டு முடிக்கும்வரை அந்த அம்மாளும் பச்சைத்தண்ணீர் தொடுவதில்லை. அந்தப் பட்டினி எந்தக் கணக்கிலும் ஏறியதாகத் தெரியவில்லை.

கார்த்திகையில் மாலை போட்டு 41 நாள். எதிர்ப்படுகிறவரை எல்லாம் 'சாமி' என்று அழைக்கவேண்டும் என்பது அந்த மாலையின் அழகு. எவரிடத்திலும் ஐயப்பனைப் பார்க்கச் சொல்கிறது. இவரும் அழைப்பார். லேட்டாக வந்த கான்ட்ராக்ட் பையனிடம், "மூளை கீதா சாமி உனக்கு?" பதினெட்டாவது வருஷம் தென்னங்கன்று எடுத்துக்கொண்டு மலையேறிய போட்டோதான் இன்றுவரை வாட்ஸ்அப் முகப்பு.

அவருக்கு மிகவும் பிடித்த கதை பூசலார் நாயனாருடையது. நம்ம மாவட்டத்து திருநின்றவூர்க்காரர் என்பதில் அவருக்குத் தனிப் பெருமிதம். சொல்லும்போது கண் கலங்கும், பொய்யில்லை. கையில் காசில்லாத பூசலார் மனத்துக்குள்ளேயே கல்லடுக்கி, விமானம் எழுப்பி, குளம் வெட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார். காஞ்சியில் பெரிய கற்றளி கட்டிய காடவர் கோமானும் அதே நாளைக் குறித்திருந்தான். சிவபெருமான் அரசன் கனவில் போய், நாளைக்கு நான் திருநின்றவூருக்குப் போகவேண்டும், நீ வேறு நாள் பார் என்றுவிட்டார். அரசன் அலறியடித்து வந்து விசாரித்தால், அப்படியொரு கோயிலே ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்வது இது. செய்தியை வெளியே விட்டவர் கடவுள்தான், பூசலார் மூச்சுவிடவில்லை என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம்.

ஆறுவாரத்தார் கதையை முடிக்கும் இடம் வேறு. "பாத்தியா, மனசுதான் கோயிலு. அந்த இருதயாலீசுவரர் கோயிலுக்கு நா ஒம்போது தபா போய்ட்டு வந்துட்டேன். நீ ஒரு தபாவாவது போயிருப்பியா?"

செவ்வாய்தோறும் அவர் அரை நாள் லீவு போட்டால் அந்த இடத்தில் ஆள் நிற்கவேண்டுமல்லவா? லைனில் ஒரு தம்பி இருந்தான். இரண்டு ஷிப்டும் சேர்த்து நிற்பான். சிறுவாபுரிக்கு ஒரு செவ்வாய்கூடப் போனதில்லை, போக நேரம் ஏது? அந்த ஓ.டி. காசு, கொஞ்சம் லோன், மாமனார் கொடுத்தது என்று சேர்த்து, புதுவாயல் பக்கம் இரண்டு ரூமில் ஒரு வீடு எழுப்பிவிட்டான்.

கிரகப்பிரவேசத்தில் முதல் பந்தி ஆறுவாரத்தாருக்கு. "எல்லாம் அவன் செயல். போறப்பல்லாம் இவனுக்கும் ஒரு வார்த்தை போட்டு வெச்சேன்" என்று பக்கத்து இலைக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

சாம்பார் வாளியோடு வந்த தம்பி நெஞ்சாரச் சொன்னான்: "ஆமாண்ணே, நீங்க மட்டும் கோயிலுக்குப் போவலன்னா எனக்கு இந்த வூடே இல்லண்ணே."

"அதெல்லாம் வெளிய சொல்லாத தம்பி" என்றார் ஆறுவாரத்தார், பந்தி முழுக்கக் கேட்கும்படி.