பதினாலு நாள் அங்கிள்

பதினாலு நாள் அங்கிள், ஃப்ளோரிடாவில் டாம்பா, ஒர்லாண்டோ, ஜாக்சன்வில் பக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊருக்கு ஒருவர் வீதம் வாய்த்திருப்பவர். கோயில் பிரசாத வரிசை, வளைகாப்பு, பொங்கல் விழா முடிந்து நாற்காலி அடுக்கும் இடம் ஆகியவை அவர் நடமாடும் பகுதிகள். கழுத்தை மட்டும் தனியாகத் திருப்பமாட்டார். கூப்பிட்டால் தேர் திரும்புவதுபோல் இடுப்பிலிருந்து மொத்தமாகத் திரும்புவார். காரில் ஒரு பச்சை ஃபைல் எப்போதும் இருக்கும். இவை துணை அடையாளங்கள். முதன்மை அடையாளம் அவர் கேட்கும் கேள்வி.

யாருடைய காரையாவது யாரோ இடித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் மற்றவர்கள் "அடி ஏதும் பட்டுச்சா?" என்பார்கள். அங்கிள் "எத்தனை நாளாச்சு?" என்பார். பதில் வருமுன்பே கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடத் தொடங்கிவிடும். "மூணு நாள்" என்றால் முகம் மலரும். "ஒன்பது" என்றால் கையிலுள்ள தட்டைக் கீழே வைப்பார். "பன்னிரண்டு" என்றால், சாப்பிட வந்த வீடு என்றும் பாராமல் கார் சாவியை எடுத்துக்கொண்டு, "கிளம்புப்பா, எமர்ஜென்சி திறந்துதான் இருக்கும்" என்பார். இடிபட்டவர் ஊரில் இல்லையென்றால் தினமும் போன் வரும். வணக்கம், சௌக்கியமா எதுவும் கிடையாது. "இன்னிக்கு ஏழு" என்று சொல்லி வைத்துவிடுவார். மறுநாள் "எட்டு". துக்க வீட்டிலும் இந்தப் பழக்கம் அவரை விடுவதில்லை. "இன்னியோட பதிமூணு நாள் ஆச்சு" என்று காரியத்தன்று ஒருவர் கண்ணைத் துடைத்தபோது, "கவலைப்படாதீங்க, இன்னும் ஒரு நாள் இருக்கு" என்று அவர் ஆறுதல் சொன்னதாகக் கேள்வி.

இந்தக் கணக்குக்கு ஆதாரம் மாநிலச் சட்டம். ஃப்ளோரிடாவில் 1972 முதல், யார் மேல் தப்பு என்றாலும், அடிபட்டவரின் சிகிச்சைச் செலவை முதலில் ஏற்பது அவரவர் சொந்தக் கார் இன்சூரன்ஸ். அதில் இதற்கென்று உள்ள பகுதிக்கு பி.ஐ.பி. என்று பெயர்; உச்சவரம்பு 10,000 டாலர். 2013 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி, விபத்து நடந்த 14 நாட்களுக்குள் ஒரு டாக்டரிடமோ மருத்துவமனையிலோ கைரோபிராக்டரிடமோ முதல் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். பதினைந்தாம் நாள் போனால் சிகிச்சைக்கென்று அந்தப் பகுதியிலிருந்து சல்லிக்காசு பெயராது. கைரோபிராக்டர் என்பவர் முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் அழுத்தித் திருப்பிச் சரிசெய்பவர். அங்கிளின் அகராதியில், "லைசென்ஸ் வச்சிருக்கிற சுளுக்கு வைத்தியர்".

பதினாலு நாளுக்குள் போனவரையும் அங்கிள் சும்மா விடுவதில்லை. "எங்க போனே?" என்பது அடுத்த கேள்வி. நேராகக் கைரோபிராக்டரிடம் போனேன் என்பவர் பாடம் கேட்டே ஆக வேண்டும். நிலைமை அவசர சிகிச்சைக்குரியது என்று மருத்துவர் எழுதித் தந்தால்தான் 10,000 முழுவதும் திறக்கும். இல்லாவிட்டால் 2,500 டாலரோடு கதவு சாத்தப்படும். அப்படி எழுதித் தரும் அதிகாரம் கைரோபிராக்டருக்கு இல்லை. வரம்புக்குள் இருந்தாலும் இன்சூரன்ஸ் கொடுப்பது நூற்றுக்கு எண்பதுதான். 3,000 டாலர் பில் என்றால் 2,400 அவர்களுடையது, 600 கைக்காசு. மெட்-பே என்ற கூடுதல் காப்பீடு எடுத்து வைத்திருந்தால் அந்த 600-ஐ அது தாங்கும். மசாஜுக்கும் அக்குபங்சருக்கும் பி.ஐ.பி.யில் இடமில்லை. வக்கீலின் உறுதிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு கடனுக்கு வைத்தியம் பார்க்கும் கிளினிக்குகளும் உண்டு. வழக்கில் பணம் வந்தால் அதில் எடுத்துக்கொள்வார்கள், வராவிட்டால் பில் நோயாளியின் வீட்டுக்கே வந்து சேரும். பாடம் இந்த இடத்தை எட்டும்போது ஆன்ட்டி வந்து பாயசம் ஆறுகிறது என்பார்.

அங்கிள் இப்படியே பிறந்தவர் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன் சிக்னலில் நின்றிருந்த அவர் காரைப் பின்னாலிருந்து ஒரு பையன் இடித்தான். பயந்து நடுங்கிய பையனுக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "ஐ ஆம் ஃபைன்" என்று தோளில் தட்டி அனுப்பிவைத்தவர் அவர். மறுநாள் கழுத்து பிடித்துக்கொண்டது. கோடாலித் தைலத்துக்கு அடங்கிவிடும் என்று இரண்டு வாரம் தேய்த்தார். அடங்கவில்லை. கைரோபிராக்டரிடம் போனபோது பதினாறாம் நாள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் வலி எங்கே என்று கேட்கவில்லை. விபத்து என்றைக்கு என்று கேட்டாள். அலுவலக மெடிக்கல் இன்சூரன்சில் கைரோபிராக்டருக்கு இடமில்லாததால் மூன்று மாதச் சிகிச்சையும் கைக்காசில் நடந்தது. பச்சை ஃபைலில் இருப்பவை அந்த ரசீதுகள்.

ஆகவே அந்தக் கேள்வி அங்கிளுடையது அல்ல. அவரிடம் கேட்கப்பட்டதை அவர் ஊருக்குத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கழுத்து வெட்டி இழுக்கப்பட்ட வலி இடித்த உடனே தெரிய வேண்டும் என்பதில்லை. ஓரிரு நாள் கழித்தும் தலைகாட்டும். வலியைப் பொறுத்துக்கொள்பவர், ஊரைக் கூட்ட வேண்டாம் என்று நினைப்பவர், லீவு கிடைக்காதவர் ஆகியோரே பதினைந்தாம் நாள் போய் நிற்பார்கள். வருடக்கணக்காகத் தவறாமல் பிரீமியம் கட்டியவர்களும் அவர்களே. இது அநியாயம். சட்டப் புத்தகத்தில் இருப்பதால் நியாயமாகிவிடாது.

அங்கிளின் தொல்லையிலிருந்து தப்ப ஒரு வழி உண்டு. இடித்த மறுநாளே மருத்துவரைப் பார்த்து, சீட்டு எழுதி வாங்கிவிட்டு, அவர் கேட்கும்போது "ஒரு நாள்தான் அங்கிள், டாக்டர்கிட்டயே போயிட்டேன்" என்று சொல்லிவிட வேண்டும். கட்டைவிரல் நின்றுவிடும். "வலி எப்படிப்பா இருக்கு?" என்று அவர் கேட்பது அதற்குப் பிறகுதான்.