அரைப்பேரும் முழு உறவும்

வாடிக்கையாளர் உறவு முகாமைத்துவம் என்றொரு பாடம். நம் பல்கலைக்கழகங்களில் சந்தைப்படுத்தல் படிக்கிற பிள்ளைகளுக்கு இதை நடத்துகிறார்கள். மூன்று சொல், மூன்றும் ஹேவாஹெட்ட தோட்டத்துக்காரருக்குப் பாட்டன் காலத்துச் சொத்து. வாடிக்கை என்றால் டவுன் கடையில் கொப்பி போட்டு அரிசி எடுப்பது. உறவு என்றால் அந்தக் கொப்பிக்குப் பிணை நிற்கிற மச்சான். முகாம் என்றால் இந்தியக் கரையில் இருந்த மண்டபம். கொள்ளுப்பாட்டனை நாள் கணக்கில் தடுத்துவைத்து, நோய் பார்த்து, இலங்கைக்கு அனுப்பிய இடம். எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று காட்ட, இலக்கம் பொறித்த தகர வில்லை ஆளுக்கொன்று கொடுத்ததும் உண்டு. அதற்கு இப்போது வாடிக்கையாளர் அடையாள இலக்கம் என்று பெயர். கணினியில் ஏற்றிவிட்டார்கள், தகரம் மிச்சம்.

நம் பிள்ளை இந்தப் பாடத்தைத் தேடிப் போகவில்லை. தோட்டப் பாடசாலையில் இரசாயனம் படிப்பிக்க ஆளில்லை என்றால் பிள்ளைக்குத் தானாகவே வர்த்தகத்தில் ஆர்வம் பிறந்துவிடும். இந்த நாட்டுக்கு இலவசக் கல்வி 1945 இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் தன் கையில் எடுக்க எழுபதுகள் ஆயிற்று. அதற்குள் ஒரு தலைமுறை பிள்ளைக் காம்பராவிலிருந்து நேராகக் கொழுந்து மலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இதையெல்லாம் தாண்டி, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியையும் தாண்டி, ஒருவன் தலாத்துஓயா வழியாகக் கண்டிக்கு பஸ் ஏறுகிறான். முதல் விரிவுரையில் அவனுக்குச் சொல்கிறார்கள்: வாடிக்கையாளர்தான் ராஜா. அவனுக்குத் தெரிந்த ராஜாக்கள் எல்லாம் துரை பங்களாவில் இருந்தார்கள். குறித்துக்கொள்கிறான்.

இரண்டாவது விரிவுரை வரலாறு. 1983 இல் லெனார்ட் பெரி என்ற அமெரிக்கப் பேராசிரியர் உறவுச் சந்தைப்படுத்தல் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1993 இல் சீபெல், 1999 இல் சேல்ஸ்போர்ஸ் என்று கம்பனிகள் பிறந்தன. வாடிக்கையாளர் என்ன வாங்கினார், எப்போது கோபப்பட்டார், எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் ஒரே திரையில் தெரியும்படி மென்பொருள் செய்து விற்றன. ரைக்கெல்ட், சாசர் என்ற இருவர் 1990 இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: வாடிக்கையாளரில் நூற்றுக்கு ஐந்து பேரைக் கூடுதலாக விலகாமல் பிடித்து வைத்தால் இலாபம் நூற்றுக்கு 25 முதல் 85 வரை ஏறுமாம். விரிவுரை மண்டபமே வாயடைத்துப் போகிறது. பின் வரிசையில் நம் பிள்ளை மட்டும் நெளிகிறான். இந்தக் கணக்கை அவன் எங்கேயோ கேட்டிருக்கிறான்.

கேட்டிருக்கத்தான் வேண்டும். 'துண்டு' என்று ஒரு சமாச்சாரம் இருந்தது. ஊரிலிருந்து கூட்டிவந்த வழிச் செலவு, அரிசி, கம்பளி, முற்பணம் எல்லாம் ஆள் தலையில் கடனாக ஏறும். கணக்கு, ஆள் கூட்டிவந்த கங்காணி கையில். கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. மாற வேண்டுமானால் துரை ஒரு காகிதத் துண்டு எழுதிக் கொடுப்பார்: இன்னின்னாருக்கு இவ்வளவு பாக்கி, பணத்தைக் கட்டுகிறவர் ஆட்களை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த தோட்டத்துத் துரை கட்டுவார், எடுப்பார். பழைய கடன் புதுத் தோட்டத்திலும் கூடவே நடந்து வரும், வளர்த்த நாய் மாதிரி. ஒரு கங்காணியின் கூட்டமே துண்டோடு துண்டாகக் கைமாறும். 1921 இல்தான் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். வாடிக்கையாளரை விலக விடாமல் தடுக்கும் மாறுசெலவு, ஓர் ஆளின் ஆயுட்கால மதிப்பு, முழுத் தரவுத்தளத்தையும் விலைக்கு வாங்குவது என்று பாடநூல் மூன்று அத்தியாயம் எழுதுகிறது. எங்கள் மலையில் ஒரு முழக் காகிதம் போதுமாயிருந்தது. கங்காணிக்கு ஒரு கௌரவ கலாநிதிப் பட்டமாவது கொடுத்திருக்கலாம். சிலைக்குத்தான் ஏற்கெனவே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது விரிவுரை: வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அழையுங்கள். அவர் பெயரே அவர் காதுக்கு இனிமை. இந்த இடத்தில் நம் பிள்ளை சிரித்துவிட்டான், விரிவுரையாளர் முறைத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் படித்த புத்தகத்தில் தோட்டம் இல்லை. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். காலையில் பிரட்டுக் களத்தில் நின்று, மலையேறி, பதினெட்டோ இருபதோ அந்தத் தோட்டம் வைத்த கிலோவை நிறுத்துக் கொடுத்தால் பேர் விழும். எடை குறைந்தால் அரைப்பேர். உலகத்தில் வேறெங்கே மனுசர் பேரைத் தராசில் வைத்துப் பாதியாக நறுக்குகிறார்கள்? "இன்னைக்கு அரைப்பேருதான்" என்று சொல்லிக்கொண்டு லயத்துக்கு ஏறி வருகிற தாயிடம் போய், பெயர் சொல்லி அழைத்தால் மனம் குளிரும் என்று சொல்லிப் பாருங்கள். அந்த முழுப்பேருக்கு 1000 ரூபா கேட்டு எத்தனை வருசம் கத்தினார்கள். 2021 இல் வந்தது. 2024 இல் 1350. கம்பனிகள் ஒவ்வொரு தடவையும் நீதிமன்றம் என்றும் நட்டம் என்றும் பேசின. லண்டனில் தேயிலை குடிக்கிறவருக்கு எந்த மணம் பிடிக்கும் என்று தெரிந்த தொழிலுக்கு, கொழுந்து கிள்ளுகிறவளுக்குப் பசிக்கும் என்பது மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுச் செய்தி.

ஹேவாஹெட்டவுக்குப் பக்கத்திலேயே லூல்கந்துர இருக்கிறது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட தோட்டம். இலங்கைத் தேயிலையின் தொட்டில். சுற்றுலாக்காரர்கள் வேனில் வந்து, அவர் உட்கார்ந்த கல் ஆசனத்தில் தாங்களும் உட்கார்ந்து படம் எடுத்துப் போகிறார்கள். பதினாறு, பதினேழு வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்து நாற்பது வருசம் அந்த மலையிலேயே கிடந்த மனுசனையும் கடைசியில் கம்பனி வேலையை விட்டுப் போகச் சொன்னது. அவர் போகவில்லை, 1892 மே மாதம் வயிற்றோட்டத்தில் செத்துப்போனார். உறவு முகாமைத்துவம் துரையையே விடவில்லை என்றால் கூலிக்காரன் எம்மாத்திரம். உடலைக் கண்டி மகியாவ மயானம் வரை தோள்மாற்றித் தோள்மாற்றிச் சுமந்தவர்கள் தொழிலாளர்கள் என்று சொல்வார்கள். கல்லறையில் டெய்லர் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களுக்கு அன்றைக்குப் பேர் விழுந்ததா என்று செக்ரோல் பதிவேட்டைத்தான் கேட்க வேண்டும்.

வாடிக்கையாளர் விசுவாசத்துக்குப் புள்ளி கொடுக்கும் திட்டம் பற்றிப் பாடநூலில் ஒரு முழு அத்தியாயம். பத்துத் தரம் வாங்கினால் பதினோராவது இலவசம். தோட்டத்திலும் ஒரு விசுவாசத் திட்டம் உண்டு, ஊழியர் சேமலாப நிதி என்று பெயர். தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடிப்பார்கள், நிர்வாகம் 12 போட வேண்டும். அரசாங்கத்தின் ஜனவசம தோட்டங்களில் இந்தப் பணம் வருசக் கணக்காக நிலுவையில் கிடந்த கதை பாராளுமன்றம் வரை போயிருக்கிறது. முப்பது வருசம் கூடை சுமந்தவள் கடைசியில் தன் சொந்த எட்டுக்காகக் கந்தோர் வாசலில் நிற்கிறாள். இவளை எந்த வகுப்பில் சேர்ப்பது? 'விசுவாசமான வாடிக்கையாளர்' என்றா, 'முறைப்பாட்டாளர்' என்றா?

படிவம் நிரப்பப் பழக்குவது செய்முறைப் பாடம். பெயர், தொலைபேசி, முகவரி. முகவரிக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்: கட்டாயம். நம் பிள்ளை தோட்டத்தின் பெயரை எழுதினான். "வீட்டு இலக்கம்? வீதி?" என்று கணினி கேட்டது. லயத்துக்கு வீதி கிடையாது ஐயா. இருநூறு வருசமாகக் கடிதம் தோட்டத்துக் கந்தோருக்குத்தான் வருகிறது. அங்கே அது எவ்வளவு நாள் தூங்குகிறது என்பது கந்தோர்க்காரரின் மனநிலையைப் பொறுத்தது. நேர்முகத் தேர்வு முடிந்தபிறகு கைக்கு வந்த அழைப்புக் கடிதங்களின் கதை எந்த லயத்தில் கேட்டாலும் ஒன்று கிடைக்கும். 1948 இல் எங்கள் குடியுரிமையைப் பறித்தார்கள், 1964 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவர் உட்கார்ந்து இத்தனை இலட்சம் உனக்கு, இத்தனை எனக்கு என்று தலையைப் பங்கு பிரித்தார்கள், 2003 இல் மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை வந்தது. 2023 இல் 'மலையகம் 200' என்று முன்னோர் வந்த வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தும் காட்டினார்கள். தபால்காரர் மட்டும் இன்னும் லயத்து வாசலுக்கு நடந்து வரவில்லை. கணினி அந்தப் பக்கத்தைத் தாண்ட விடவில்லை. விரிவுரையாளர் வந்து, "ஏதாவது ஓர் எண் போடு தம்பி, அது சும்மா கேட்கும்" என்றார். செய்முறையில் அன்றைக்கு அவன் கற்றது அதுதான்.

பட்டம் முடிந்ததும் வேலை கிடைக்கும், கவலை வேண்டாம். நுண்கடன் கம்பனிகளுக்குத் தமிழ் தெரிந்த, மலைப் பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்த, லயத்தில் எந்தக் காம்பராவில் யார் என்று தெரிந்த பட்டதாரி என்றால் கற்கண்டு. ஐ.நா. நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி 2018 இல் இங்கே வந்து இந்தக் கடன் பெண்களை என்ன செய்கிறது என்று பார்த்துச் சொன்னார். அதே வருசம் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபா வரையான பெண்களின் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. நுவரெலியாவும் கண்டியும் பட்டியலில் இல்லை. இங்கே மழை பெய்கிறதே!

ஆகவே ஒரு வியாழக்கிழமை நம் பிள்ளை, கழுத்தில் அட்டை, கையில் டெப் கருவி சகிதம் தன் சொந்த லயத்துக்கே வசூலுக்கு வந்து இறங்குவான். ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நான்கு பேரும் பொறுப்பு. குழுத் தலைவி அவனுடைய அத்தை. வசூலுக்கு முன்னே திருப்திக் கேள்வி கேட்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. 2003 இல் ரைக்கெல்ட் கண்டுபிடித்த ஒற்றைக் கேள்வியின் உள்ளூர் வடிவம்: பூச்சியம் முதல் பத்துக்குள், எங்கள் நிறுவனத்தை உங்கள் உறவினர்களுக்கு எவ்வளவு தூரம் சிபாரிசு செய்வீர்கள்?

அத்தை அவனைப் பார்ப்பாள். உறவினர்கள் எல்லாரும் ஏற்கெனவே அதே திண்ணையில், அதே கடனில்தான் உட்கார்ந்திருப்பார்கள். கருவியில் 'உறவு' என்று ஒரு கட்டம் வரும். அழுத்தினால் வாடிக்கையாளர், பிணையாளர், தவணை தவறியவர் என்று மூன்று தெரிவு விழும். அத்தை என்று ஒன்று இருக்காது. அவன் பிணையாளரை அழுத்துவான்.

தோட்டம் கொடுத்த டஸ்ட் தூளில் தேத்தண்ணி வரும், கையில் சீனியோடு.

"பத்துன்னு போட்டுக்க தம்பி. இந்தக் கிழம கட்டுக்காசுல பாதிதான் இருக்கு. நேத்தும் முந்தாநாத்தும் அரைப்பேரு."

கருவியில் அதற்கு ஒரு கட்டம் தயாராக இருக்கும்.