முடிச்சு விழும் விதம்: கடத்தூர்த் திண்ணை ஒன்றை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

1. ஆய்வுப் பொருள்
எம்பிராய்டரி பழகுகிறவர் கையில் நூல் ஏன் சிக்குகிறது என்ற கேள்வியைத் தமிழாய்வு உலகம் இதுவரை சீண்டியதே இல்லை. அந்தப் பெருங்குறையை இக்கட்டுரை போக்குகிறது.

2. கருதுகோள்
வேண்டாத முடிச்சு தானாக விழும். வேண்டிய முடிச்சு போட்டாலும் நிற்காது.

3. களமும் கருவிகளும்
தருமபுரி மாவட்டம் கடத்தூரில் ஒரு வீட்டுத் திண்ணை. காடாத் துணி, அதை இறுக்கிப் பிடிக்க ஒரு ரிங், ஊசி, ஆறு இழை நூல்கண்டு. தகவலாளிகள் இருவர்: தையல் தெரிந்த அத்தை, கோடை விடுமுறையில் அவரிடம் மாட்டிக்கொண்ட அண்ணன் மகள்.

4. முன்னோடிகள்
மாதிரித் தையல் துணிக்கு நீண்ட மரபு உண்டு. தேதி தைத்த பிரிட்டிஷ் துணிகளில் மிகப் பழையது ஜேன் பாஸ்டக் 1598இல் முடித்தது. இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆலிஸ் லீ என்ற குழந்தை பிறந்த செய்தியைக்கூட அதில் தைத்திருக்கிறார். சிக்கெடுத்த செய்தியைத் தைக்கவில்லை. சான்றோர் எல்லாத் துறையிலும் இப்படித்தான்.

5. கண்டறிந்தவை
(அ) வேண்டாத முடிச்சு: ஆறு இழையில் இரண்டை ஒவ்வொன்றாக உருவி, ஒரு முழம் நறுக்கிக் கோக்க வேண்டும் என்பது அத்தை வாக்கு. அண்ணன் மகள் மூன்று முழம் நறுக்கினாள்.

"அடிக்கடி கோக்க வேணாமே அத்தை."

"கோக்கற நேரத்த மிச்சம் புடிச்சு சிக்கெடுக்கத்தான போற, பாப்பா?"

அறிவியல் அத்தை பக்கமே நிற்கிறது. ஒவ்வொரு தையலுக்கும் விரலில் ஊசி கொஞ்சம் புரள்கிறது. முறுக்கு நூலில் ஏறுகிறது. நீள நூல் துணிக்குள் பலமுறை உரசிப் பிசிறடிக்கிறது. ஊசியைக் கீழே தொங்கவிட்டால் அது தானே சுழன்று முறுக்கை அவிழ்க்கும். தொங்கவிடுவதற்குத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

(ஆ) வேண்டிய முடிச்சு: சங்கிலித் தையலும் காம்புத் தையலும் சொன்ன பேச்சு கேட்டன. பூவின் நடுவில் வைக்கும் பிரெஞ்ச் நாட் கேட்கவில்லை. ஊசியில் நூலை இரண்டு சுற்று சுற்றி, வந்த ஓட்டைக்குப் பக்கத்தில் இறக்க வேண்டும். வந்த ஓட்டையிலேயே இறக்கினால் முடிச்சு மறுபக்கம் போய்விடும். போயிற்று. கருதுகோள் நிரூபணமானது.

6. எதிர்வாதமும் மறுப்பும்
"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கை வராது" என்பது திண்ணைக்கு வந்த பெரியவர்களின் தீர்ப்பு. இதே தருமபுரி மாவட்டத்தில், அரூர் தாண்டி, சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் அதைப் பொய்யாக்கியிருக்கிறார்கள். அவர்கள் வாழும் தாண்டாக்களில் பழைய உடுப்போடு தையலும் வழக்கொழிந்து, சில மூதாட்டிகள் கையில் மட்டும் எஞ்சியிருந்தது. அவர்களிடமிருந்து இளையவர்கள் திரும்பக் கற்றார்கள். மருத்துவர் லலிதா ரெஜி துணைநிற்க, 2006இல் 'போர்கை' என்ற அமைப்பும் பிறந்தது. விட்டுப்போன கையே மீண்டும் வந்திருக்கும்போது குற்றவாளி தலைமுறை அல்ல, நூலின் நீளமே என்பது தெளிவு.

7. முடிவும் பரிந்துரையும்
ஒரு முழமே சரி. ஆனால் யார் முழம்? அண்ணன் கை நீளம், அத்தை கை குட்டை. பல முழங்களை ஒப்புநோக்கியதில், ஊரே குறை சொல்லும் பூக்காரம்மாவின் முழமே கைத்தையலுக்கு உகந்தது எனத் தெரிகிறது. தேசியத் தரமாக இதை அறிவிக்கலாம். தம் முழத்தை யாரும் குட்டை என்று சொல்லக் கூடாது என்பது மட்டுமே பூக்காரம்மா விதித்த நிபந்தனை.