எல்லாப் பழியும் பேட்டரிக்கே

பழைய கார் வைத்திருப்பவனுக்கு அந்தரங்கம் என்று ஒன்று கிடையாது. காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி என்ன சொல்கிறது என்பது எனக்கு முன்னால் தெருவுக்குக் கேட்டுவிடுகிறது. என் மாருதி 800 சில வாரங்களாக ஒரே ஒரு வார்த்தைதான் பேசிக்கொண்டிருந்தது: ‘டக்’. பிறகு மௌனம். அந்த மௌனத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும்.

“பேட்டரி போச்சு சார்.”

இதைச் சொல்ல எந்தத் தகுதியும் தேவையில்லை. பால் பாக்கெட் போடும் பையன் சொன்னான். இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னார். வாழ்நாளில் சைக்கிள்கூட ஓட்டியிராத மேல்மாடிப் பெரியவர், கைத்தடியால் பானெட்டை இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சொன்னார். பெங்களூரில் இருக்கும் என் மச்சினர் வீடியோ காலில், வண்டியைப் பார்க்காமல், என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். 1983 கடைசியில் ரோட்டுக்கு வந்து 2014-ல் தயாரிப்பு நின்ற வண்டி இது. நம் நாட்டில் ஒரு சித்தப்பாவாவது இதை ஓட்டியிராத குடும்பம் அபூர்வம். அதனால் அந்த 796 சிசி எஞ்சினைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை எல்லோருக்கும் பரம்பரையாக வந்து சேர்ந்திருக்கிறது.

பெரியவர் மட்டும் சற்று விஞ்ஞானபூர்வமானவர். “ஹாரன் அடி” என்றார். அடித்தேன். தெரு நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது. “ஹாரன் நல்லா அடிக்குது. அப்போ பேட்டரி இல்ல. செல்ஃப் மோட்டார்.” சாவியைத் திருப்பச் சொன்னார். உள்விளக்கு மங்கிப் போனது. “லைட் மங்குது. அப்போ பேட்டரிதான்.” ஒரே நிமிடத்தில் இரண்டு தீர்ப்பு சொல்லிவிட்டு வாக்கிங் போய்விட்டார்.

பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் வோல்ட் பார்த்தார், 12.6 காட்டியது. லோடு டெஸ்டரை மாட்டி அழுத்தினார். முள் பெரிதாக இறங்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். “பேட்டரி நல்லாத்தான் இருக்கு” என்றார். குரலில் இருந்த வருத்தம் உண்மையானது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “எதுக்கும் மாத்திடுங்க சார். பழசை நாங்களே எடுத்துக்கிறோம்” என்றார்.

பேட்டரி மேல் எல்லோருக்கும் ஏன் இவ்வளவு கோபம் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறது. பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது, வாரண்டி கார்டு இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் இரண்டு வயர்களுக்கோ வாரண்டியும் கிடையாது, விளம்பரத்தில் வந்து சிரிக்க நடிகரும் கிடையாது. குற்றம் சாட்ட வேண்டுமென்றால் எதிரே ஒரு ஆள் வேண்டாமா?

திருவான்மியூரில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். மரத்தடியில் ஒரு மேஜை, ஒரு மல்டிமீட்டர், பெயர் எழுதாத தகரப் பெட்டி, இவ்வளவுதான் கடை. வீட்டுக்கு வந்தவர் பேட்டரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னை சீட்டில் உட்காரவைத்து, “நாலஞ்சு தரம் செல்ஃப் அடிங்க சார்” என்றார். டக், டக், டக். “இப்போ அந்த சோக் நாப்பைத் தொட்டுப் பாருங்க.”

சுட்டது. பெட்ரோலே எரியாத வண்டியில் சோக் சுடுகிறது!

“எஞ்சின் ரப்பர் மேல உக்காந்திருக்கு சார். பாடியில அதுவா ஒட்டாது. செல்ஃப் மோட்டாருக்குப் போற கரண்ட் திரும்ப பேட்டரிக்கு வர்றதுக்குன்னு இந்தக் கருப்பு எர்த் வயரைப் போட்டிருக்கான். இது செத்துட்டா கரண்ட் சும்மா இருக்குமா? கெடைச்ச கம்பியில போகும். உங்களுக்கு சோக் கேபிள் கெடைச்சிருக்கு. ஆக்சிலரேட்டர் கேபிளா இருந்தா உருகி ஒட்டிக்கிட்டிருக்கும்.” என் அதிர்ஷ்டத்தைப் பாராட்டும் தொனியில் சொன்னார்.

பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் மேலும், மறுமுனையை எஞ்சின் மேலும் வைத்து சாவியைத் திருப்பச் சொன்னார். வயர் ஒழுங்காக இருந்தால் அந்த இடத்தில் அரை வோல்ட்கூட விழக்கூடாது. 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

கணக்கு எளிமையானது. ஹெட்லைட் பல்பு ஒன்று 55 வாட். 4, 5 ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டாருக்குக் கிளம்பும்போது நூறு ஆம்பியருக்கும் மேல் வேண்டும். வயரில் 0.02 ஓம் தடை இருந்தால் 5 ஆம்பியருக்கு 0.1 வோல்ட் வீணாகும். ஹாரனும் லைட்டும் கண்டுகொள்ளாது. அதே தடையில் 100 ஆம்பியர் போக வேண்டும் என்றால் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். கல்யாணத்தில் ஆயிரம் பேருக்குச் சமைத்துவைத்துவிட்டு, பரிமாற ஒரே ஒரு முட்டிவலிக்காரரை நிறுத்தினால் என்ன ஆகுமோ அதுதான். முதல் பந்தியில் காபி கேட்ட நாலு பேருக்குத் தடங்கலில்லாமல் கிடைக்கும்; மொத்தப் பந்தியும் உட்கார்ந்ததும் இலை காலி. சமையற்காரரைத் திட்டுகிறோம்.

இந்த நேரத்தில் என் மனைவி வெளியே வந்தாள். ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. காரில் முன்சீட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதில் இதுவரை எந்த அக்கறையும் காட்டாதவள், திறந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, “அடடா, காப்பர் சல்பேட்!” என்றாள். நகைக்கடையில்கூட அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

பிறகு வகுப்பு நடந்தது. பேட்டரிக்குள் சல்ஃப்யூரிக் அமிலம். சார்ஜ் ஏறும்போது கிளம்பும் வாயுவோடு அமிலத்துளிகளும் டெர்மினல் ஓரமாகக் கசியும். ஈயத்தைத் தொட்டால் வெள்ளைப் பொடி, அது லெட் சல்பேட். செம்பைத் தொட்டால் நீலம், நாட்டுமருந்துக் கடையில் விற்கும் மயில்துத்தம். 1859-ல் பிரான்ஸில் காஸ்டன் பிளாந்தே இந்த ஈய-அமில பேட்டரியைச் செய்த நாளிலிருந்து அடிப்படை ரசாயனம் மாறவில்லை. எங்கள் ஊர்க் கடல்காற்று அதற்கு உப்பும் சேர்த்துப் போஷாக்கு கொடுத்திருக்கிறது. அண்ணாச்சி கைகட்டி மரியாதையாகக் கேட்டார். “நாங்க உப்பு பூத்திருக்குன்னு சொல்லுவோம் டீச்சர்” என்று மட்டும் சொன்னார்.

வாக்கிங் முடித்துத் திரும்பிய பெரியவர் கோலா ஊற்றச் சொன்னார். “அமிலம் கசிஞ்ச இடத்துல இன்னொரு அமிலமா?” என்று அவரை ஒரே கேள்வியில் பெஞ்ச் மேல் ஏற்றிவிட்டு, உள்ளேயிருந்து சமையல் சோடாவைக் கொண்டுவந்தாள். வெந்நீரில் கரைத்து, செல் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்து ஊற்றியதும் நுரை பொங்கியது. தெருப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்று இரவு ஆப்பம் ரத்து என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

டெர்மினல் பளபளத்தது. வண்டி மறுபடியும் ‘டக்’ என்றது. அண்ணாச்சி பிளேடால் வயரின் மேல்தோலைக் கீறிக் காட்டினார். வெளியே நல்ல கருப்பு ரப்பர். உள்ளே, வயர் முனையில் இருக்கும் லக்கிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு செம்பு கறுத்து, பச்சை பூத்து, தொட்டால் உதிர்ந்தது. அமிலம் இழைகளுக்கு நடுவே ஊறிக்கொண்டே போயிருக்கிறது. மேலே எவ்வளவு சோடா போட்டாலும் அங்கே போய்ச் சேராது. “ரெண்டு வயரையும் மாத்திடணும்.”

வயர் வாங்க, உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு என்னை அனுப்பினார். உதிரிபாகம் வாங்குவதில் ஒரு தத்துவம் இருக்கிறது: எது தடிமனாகத் தெரிகிறதோ அதைச் சந்தேகப்பட வேண்டும். முதல் கடையில் காட்டிய ரெடிமேட் வயர் என் கட்டைவிரல் பருமன். வெட்டுவாயைப் பார்த்தால் முக்கால்வாசி ரப்பர், நடுவில் பேருக்குச் செம்பு. இரண்டாவது கடையில் செம்பு நிறையவே இருந்தது. அண்ணாச்சி சொல்லியனுப்பியபடி ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினேன், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், எல்லா வாடிக்கையாளர்களும் பிளேடோடு வர ஆரம்பித்தால் தொழில் என்ன ஆகும் என்ற கவலை தெரிந்தது. “உங்களுக்கு உள்ளேயிருந்து தர்றேன் சார்” என்றார். உள்ளேயிருந்து வந்தது நிஜச் செம்பு, 25 சதுர மில்லிமீட்டர். கையில் எடுத்ததுமே கனத்தது. லக்கை சுத்தியலால் நசுக்காமல் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தித் தந்தார்.

டெர்மினல் கிளாம்ப் விஷயத்தில்தான் மல்லுக்கட்டு. இந்தச் சின்ன பேட்டரியின் போஸ்ட் பெரிய வண்டிகளுடையதைவிட ஒல்லி. அதிலும் பிளஸ், மைனஸைவிடக் கொஞ்சம் பருமன். மாற்றி மாட்டிவிடக்கூடாது என்பதற்காக. கடைப்பையன் பெரிய வண்டிக்கானதை நீட்டி, “லூசா இருந்தா ஒரு தகடு சொருகிடுங்க சார்” என்றான். தகடு சொருகி ஓடும் வண்டிகள் எத்தனை காலைகளில் எத்தனை தெருக்களை எழுப்புகின்றனவோ!

வேலை தொடங்குமுன் அண்ணாச்சி, “மோதிரத்தைக் கழட்டிடுங்க” என்றார். நான் வெறும் டார்ச் பிடிப்பவன்தான். ஆனாலும் பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் தங்கம் பழுத்து விரலைப் பொசுக்கிவிடுமாம். சோப்பு போட்டுக் கழற்றினேன். “பாத்திரம் தேய்க்கச் சொன்னா மட்டும் அது கழறவே கழறாதுன்னு சொல்வீங்களே?” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. அண்ணாச்சி பானெட்டுக்குள் தலையை இன்னும் ஆழமாக விட்டுக்கொண்டார்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஏனென்றால் பாடி முழுக்க மைனஸ். அது மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸைத் திருகும் ஸ்பானர் லேசாக பாடியில் இடித்தால் போதும், ஸ்பானரே வெல்டிங் ஆகிவிடும். எர்த் வயர் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் எமரி பேப்பரால் தேய்த்து இரும்பு மின்னும்வரை விடவில்லை. மேலுக்கு வாசலின் தடவினார். அதுவும் இறுக்கிய பிறகுதான்.

சாவியைத் திருப்பினேன். ‘டக்’ வரவில்லை. அதற்குள் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரில் 2 வோல்ட் காட்டிய இடத்தில் இப்போது 0.1 சொச்சம். சோக் நாப் ஜில்லென்று இருந்தது.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. “புது பேட்டரியா சார்?” இஸ்திரிக்காரர், “பேட்டரி மாத்தினதும் எப்படி எடுக்குது பாருங்க” என்றார். மச்சினருக்கு போன் செய்து எர்த் வயர், ஓம், ஆம்பியர் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதைத்தான் அத்திம்பேர் நான் அன்னிக்கே சொன்னேன், பேட்டரி பக்கம்தான் பிரச்சினைன்னு” என்றார்.

பழைய வயர்களை, செம்பாயிற்றே என்று பத்திரமாக எடுத்துவைத்து, பழைய பேப்பர்காரர் வந்தபோது நீட்டினேன். வளைத்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். பச்சைப் பொடி உதிர்ந்தது. “இதெல்லாம் வெந்துபோச்சு சார், பேரீச்சம்பழம்கூடக் கிடைக்காது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, நிற்கும் காரை ஓரக்கண்ணால் பார்த்தார்.

“அந்த பேட்டரி போயிருந்தா சொல்லுங்க. நல்ல ரேட்டு தர்றேன்.”