வியாக்கியான சிரோமணி

மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருவர் தம்மை மந்திரவாதியாகவும், ஒருவர் திருடனாகவும், ஒருவர் தர்மவீரனாகவும் பாவித்துக்கொண்டு, பாதாள அறைகளில் பூதங்களையும் நெருப்பைக் கக்கும் டிராகன்களையும் வதைத்துப் புதையல் எடுக்கும் விளையாட்டு ஒன்று 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் இயற்றிய அதற்கு ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று பெயர். கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்கிறவருக்கு டஞ்சன் மாஸ்டர் என்று பட்டம். அடி பட்டதா இல்லையா என்பதை நிச்சயிப்பது இருபது முகமுள்ள பகடை. இந்த இரண்டு அதிகாரங்களும் போதாவென்று, யாரும் கொடாமலே தாமாக எடுத்துக்கொண்ட மூன்றாவது அதிகாரத்தோடு ஒருவர் அநேகமாக எல்லாச் சபைகளிலும் வீற்றிருப்பார். அந்நாட்டார் அவரை ‘ரூல்ஸ் லாயர்’ என்பார்கள். அவருடைய கல்விக்கு வக்கீல் பட்டம் குறைவு. நாம் வியாக்கியான சிரோமணி என்றே அழைப்போம்.

மற்றவர்களுடைய புத்தகங்கள் சித்திரமுள்ள பக்கங்களில் அழுக்கேறியிருக்க, சிரோமணியின் புத்தகம் போர் விதிகளுள்ள பக்கங்களில் மட்டும் தேய்ந்து, மஞ்சளும் பச்சையுமான காகிதத் துண்டுகள் விளிம்பெல்லாம் நீட்டிக்கொண்டிருக்கும். பிழைதிருத்தப் பட்டியலைத் தனியே அச்செடுத்து உள்ளே செருகியிருப்பார். டஞ்சன் மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, குகையின் இருட்டிலிருந்து டிராகன் தலைதூக்கி நெருப்பைக் கக்க வாயைத் திறப்பதை வர்ணித்து, கேட்பவர்கள் மெய்சிலிர்த்திருக்கும் அந்தச் சமயம் பார்த்து அவர் தொண்டையைக் கனைப்பார். “கொஞ்சம் பொறுங்கள். நான் அந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கிறேன். இது பாதி மறைவா, முக்கால் மறைவா?” என்பார். தூணின் பருமன் விசாரிக்கப்படும். டிராகனின் தலை எந்தக் கட்டத்தில் இருக்கிறதென்று கோல் வைத்து அளக்கப்படும். ஆட்டக் கணக்கில் ஆறு வினாடியில் முடிய வேண்டிய ஒரு சுற்று, சுவர்க் கடிகாரத்தில் அரைமணி நேரத்தை விழுங்கும். வாங்கி வைத்த பிட்ஸா ஆறிப்போகும். டிராகன் மட்டும், விசாரணை முடிகிறவரையில், திறந்த வாய் திறந்தபடி காத்துக்கொண்டிருக்கும்.

இவருடைய தர்க்கத்தையெல்லாம் வெறும் விதண்டாவாதம் என்று தள்ளிவிட முடியாது. நூலாசிரியர்களே அவருக்கு வேண்டிய இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில், பாலடின் என்னும் தர்மவீரன், ‘நெருங்கிநின்று செய்யும் ஆயுதத் தாக்குதல்’ பலித்தால், அந்த அடியோடு தெய்வ சக்தியையும் சேர்த்து இறக்கலாம் என்று ஒரு விதி. வெறுங்கையால் குத்துவதும் அந்த வகைத் தாக்குதலே என்று அதே நூல் ஒப்புக்கொள்கிறது. ஆனால் கை ஆயுதமன்று என்றும் சொல்கிறது. அப்படியானால் தர்மவீரன் முஷ்டியால் குத்தும்போது தெய்வம் அந்த முஷ்டியில் இறங்குமா, இறங்காதா? இந்த ஒரு கேள்வியில் எத்தனையோ சனிக்கிழமை இரவுகள் விடிந்துபோயின. இறங்காது என்று நூலின் தலைமை விதிவகுப்பாளர் ஜெரமி க்ராஃபோர்ட் தீர்ப்பளித்தார். 2024-இல் திருத்திய பதிப்பு வந்தபோது, வெறுங்கைக் குத்துக்கும் அந்தச் சக்தி தாராளமாக அனுமதிக்கப்பட்டது. அன்று சிரோமணிகள் அடைந்த ஆனந்தத்தை, பத்து வருஷம் நடந்த வழக்கில் அப்பீலில் ஜெயித்தவனே அறிவான்.

அவருடைய பிரதாபத்தின் சிகரமெல்லாம், எழுத்தைப் பிடித்துக்கொண்டு அர்த்தத்தைக் கைவிடும் இடங்களில் இருக்கிறது. மூன்றரையாம் பதிப்பில், நீரில் முழுகி மூச்சடக்க முடியாமற் போனவனுடைய உயிர்ப்புள்ளி, அதாவது உயிர் எவ்வளவு மிச்சமென்று காட்டும் எண், பூஜ்யமாகும் என்று எழுதியிருந்தது. ஆசிரியர் நினைத்தது, நன்றாயிருந்தவன் பூஜ்யத்துக்கு இறங்குவான் என்பதை. சிரோமணியோ, வெட்டுண்டு மைனஸ் எட்டில் குற்றுயிராய்க் கிடக்கும் தோழனுடைய தலையை ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கினால் அவன் பூஜ்யத்துக்கு ஏறுவான் என்று கண்டுபிடித்தார். வைத்தியத்துக்கு வாளி போதுமென்று நிரூபித்தவர், யுத்தத்துக்குக் குடியானவர்கள் போதுமென்றும் நிரூபித்தார். 2,280 குடியானவர்களை ஐந்தடிக்கு ஒருவராக வரிசையில் நிறுத்தி, ஒரு கழியைக் கைமாற்றச் சொன்னால், ஒவ்வொருவரும் ஒரே சுற்றில் தம் முறைக்குரிய செயலைச் செய்ய விதி இடங்கொடுப்பதால், அது ஆறே வினாடியில் இரண்டு மைலுக்கு மேல் கடந்து, ஒலியை மிஞ்சிய வேகத்தில் சத்துருவின் மண்டையைப் பிளக்கும் என்பது அவர் சித்தாந்தம். நிதானமுள்ள டஞ்சன் மாஸ்டர் இதற்குச் சொல்லும் பதில் ரஸமானது: கழி விதிப்படியே பறந்து வரட்டும், வேகத்துக்குத் தக்கபடி காயம் அதிகமாகும் என்று எந்த விதியும் இல்லாததால், கடைசிக் குடியானவன் எறிந்த சாதாரணக் கழியாக அது விதிப்படியே விழட்டும்! 2024-ஆம் ஆண்டு டஞ்சன் மாஸ்டர் கையேடு, ஆட்ட விதிகள் பௌதிக சாஸ்திரமல்ல என்று, இந்தக் குடியானவர் வரிசையையே குறிப்பிட்டு எச்சரித்திருக்கிறது. ஒரு மனிதருடைய குதர்க்கத்துக்காகச் சாஸ்திரத்திலேயே ஒரு வாக்கியம் சேர்க்க நேர்ந்ததென்றால், அது சாமானியமான கீர்த்தியா?

விதிநூலா, நடுவரா என்ற இந்தச் சச்சரவு இந்த விளையாட்டைவிட மூத்தது. பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்திப் பழகிய போர் விளையாட்டுக்கு 1824-இல் ரைஸ்விட்ஸ் என்பவர் விரிவான விதிகளும் பட்டியல்களும் பகடையும் வகுத்தார். 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தால் யுத்தம் நகராது என்று கண்டு, அநுபவமுள்ள நடுவரின் சொல்லே பிரமாணம் என்றார். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் மூன்று சிறு புத்தகங்களோ, சண்டை விதிகளுக்கு ‘செயின்மெய்ல்’ என்ற வேறொரு நூலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மாற்று முறை ஒன்றையும் கூடவே கொடுத்தன. தாய்நூலே இப்படி இரண்டு வழி காட்டினால், வியாக்கியானகர்த்தா பிறக்காமல் என்ன செய்வார்?

ஆயினும் அவரைப் பித்தலாட்டக்காரர் என்று எண்ணுவது அபசாரம். சத்துரு எட்டும் தூரத்திலிருந்து விலகி ஓடுகிறவனை, ஓடும்போதே ஓர் அடி அடிக்கச் சத்துருவுக்கு உரிமையுண்டு. ஒரே ஒரு உயிர்ப்புள்ளி மிச்சமிருந்த நிலையில் சிரோமணியின் வீரன் அப்படி ஓடியபோது, டஞ்சன் மாஸ்டர் களைப்பில் அதை மறந்து அடுத்தவரை அழைக்க, பிழைத்தோம் என்று பேசாமல் இருக்க வேண்டியவர் கையை உயர்த்தி, “அந்த ராட்சசனுக்கு ஓர் அடி பாக்கியிருக்கிறது” என்று பக்க எண்ணோடு ஞாபகப்படுத்துவார். பகடை உருளும், வீரன் விழுவான். சிரோமணியின் முகத்தில் அப்போது தோன்றும் திருப்தியைப் பார்த்தவர்கள், விதி சரியாக நிறைவேறினால் தம் வீரனின் பிராணன் அவருக்கு ஒரு பொருட்டல்ல என்பதை உணர்வார்கள்.

ஆகையால் உங்கள் மேஜையில் இப்படி ஒருவர் இருந்தால் அவரை விரட்டிவிடாதீர்கள். அந்தக் கூட்டத்தில் புத்தகத்தை முழுதும் படித்தவர் பெரும்பாலும் அவர் ஒருவரே. டஞ்சன் மாஸ்டருக்கு அருகிலேயே ஆசனம் கொடுங்கள். விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் அவரைக் கேளுங்கள். அதன் அர்த்தத்தை டஞ்சன் மாஸ்டர் சொல்லட்டும்.