இல்லாத பணத்துக்கும் வட்டி

உண்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆயிரம் பேர். அதையே கம்பெனிக்குப் பெயராக வைத்தவர் ஹைதராபாத் ராமலிங்க ராஜு. சத்யம்! மகன்கள் நடத்திய கம்பெனிகளுக்கு, அதே ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டு 'மேட்டாஸ்' என்று பெயர். உண்மையைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும் என்பதைப் பெயர்ப்பலகையிலேயே எழுதி மாட்டியவரை, ஒளித்தார் என்று சொல்ல நமக்கு எப்படி வாய் வருகிறது?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இல்லாத பூசணிக்காயைச் சோற்றுக்குள் இருப்பதாகக் காட்டி ஊரையே பந்தியில் உட்காரவைப்பதல்லவா கைத்திறன்! 2008 செப்டம்பர் கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி வெறும் எழுத்து. மனிதர் அதோடு விட்டாரா? வரவேண்டிய வட்டி என்று 376 கோடியையும் சேர்த்து எழுதினார். நிஜப் பணம் போட்டவனே வட்டிக்கு வங்கி வாசலில் நிற்கும் நாட்டில், இல்லாத பணத்துக்கும் வட்டி பார்த்த கை அது.

தணிக்கையாளர்களும் பண்பானவர்கள். அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்ப்பது நாகரிகமில்லை என்று ஆண்டுதோறும் கையெழுத்திட்டார்கள். சிறந்த நிர்வாகத்துக்கான 'கோல்டன் பீகாக்' விருதும் அதே 2008இல் வந்தது. பிற்பாடு அந்த மயில் பறந்துவிட்டது, மயில் அப்படித்தான்.

டிசம்பரில், எழுத்திலிருந்த பணத்துக்கு ஈடாக நிஜ நிலம் வந்துசேர, மகன்களின் கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்கப் பார்த்தார். ரசனையில்லாத முதலீட்டாளர்கள் கொதித்ததால் சில மணி நேரத்தில் கைவிடவேண்டியதாயிற்று.

2009 ஜனவரி 7 அன்று தாமே கடிதம் எழுதி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கம்பெனியிலிருந்து தாம் எதையும் எடுக்கவில்லை என்றும் அதில் சொல்லியிருந்தார். நம்பலாம், இல்லாததை எப்படி எடுப்பது? 1987இலிருந்து சேர்த்த பேர் ஒரு பகலுக்குக்கூடத் தாங்கவில்லை. 179 ரூபாய்ப் பங்கு அன்று மாலை 40க்கு வந்து நின்றது. 2015இல் நீதிமன்றம் 7 ஆண்டு சிறையும் 5 கோடி அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டில் அடுத்த மாதமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, ஜாமீனும் கிடைத்தது.

108 ஆம்புலன்ஸ் சேவையை 2005இல் தொடங்கிவைத்தவரும் இவர்தான். நம் தெருவிலும் அந்த வண்டி ஓடுகிறது. கூப்பிட்டால் நிஜமாகவே வருகிறது. அவ்வளவு கவனமாகக் கணக்கு எழுதியவருக்கு இதில் மட்டும் எங்கோ கை தவறியிருக்கிறது.