தாமிரச் சாடியும் தணியாத சூடும்: நெல்லைச் சீமை கேமிங் லேப்டாப்கள் குறித்து ஓர் ஆராய்ச்சி

கால்டுவெல் பாதிரியார் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் பாண்டியர் இருக்கிறார்கள், நாயக்கர் இருக்கிறார்கள், கட்டபொம்மன் இருக்கிறார். லேப்டாப் சூடாவது பற்றி ஒரு வரி கிடையாது. பின்னால் வந்த அறிஞர்களும் ஆதிச்சநல்லூர்த் தாழியைத் தோண்டினார்கள், அல்வாவின் பதத்தைப் பிரித்து மேய்ந்தார்கள். இந்தத் துறையை மட்டும் தொடவில்லை. அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக் களம், பாளையங்கோட்டையில் அக்காள் வீட்டு மாடி அறை. கீழ்வீடு அத்தானின் தாத்தா கட்டியது; இரண்டடிச் சுவர், தேக்கு உத்தரம், பகலிலும் விளக்குப் போட வேண்டிய அரங்கு. மாடி அறை அத்தான் கட்டியது, கான்கிரீட். காலம், அக்னி நட்சத்திரம். கருவிகள் இரண்டு: சுவரில் ஒரு தெர்மாமீட்டர், லேப்டாப் திரையின் மூலையில் சிவப்பாக மினுங்கிய ஓர் எண். முன்னது 38 என்றது, பின்னது 97 என்றது. இரண்டுக்கும் நடுவே சட்டையில்லாமல் உட்கார்ந்து யாரையோ சுட்டுக்கொண்டிருந்தவன் தகவலாளி. பொறியியல் இரண்டாம் ஆண்டு, உறவில் எனக்கு மருமகன்.

"லாக் அடிக்கி மாமா" என்றான். இதுவே ஆய்வின் முதன்மைத் தரவு.

லாக் என்பது தமிழ் இலக்கணப்படி தொழிற்பெயரா ஆகுபெயரா என்ற விவாதம் இங்கே வேண்டாம். நடப்பது இதுதான். பிராசசர் 100 டிகிரியை நெருங்கியதும் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. உச்சி வெயிலில் கொத்தனார் கரண்டியை வைத்துவிட்டு வேப்பமர நிழலுக்குப் போவது போல. மேஸ்திரி கத்தினாலும் வர மாட்டார். அந்த நிழல் நேரத்தில் மருமகனை எதிரி சுட்டுவிடுகிறான்.

சூட்டின் அளவை முதலில் வரையறுப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறான். முழு வேகத்தில் விளையாட்டு ஓடும் லேப்டாப் 150 வாட்டைத் தாண்டும். ஆக, அது ஒன்றரை விருந்தாளிக்குச் சமம். காப்பி கேட்காது என்பது மட்டுமே வித்தியாசம். சனிக்கிழமைகளில் சிநேகிதர்கள் மூன்று பேர் ஆளுக்கொரு லேப்டாப்போடு வருவார்கள். நாலு பையன், நாலு பெட்டி, மொத்தம் 1000 வாட். பத்துக்குப் பத்து அறையில் ஓர் இஸ்திரிப் பெட்டியை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்திருப்பதற்கு ஒப்பு. அக்காள் அந்த அறையில் துணி காயப்போடுகிறாள். எக்ஸாஸ்ட் வரும் பக்கத்தில் ஒரு நாள் கூழ்வடகத் தட்டைக் கண்டேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த மின்சாரத்தின் பூர்வீகத்தையும் சொல்ல வேண்டும். காற்றாலைகள் ஓயும் பொழுது நமக்குக் கூடங்குளம் உண்டு. அங்கே ஓர் அணு உலை 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கி 1000 மெகாவாட்டை மின்சாரமாகத் தருகிறது. மீதி இரண்டு பங்கும் கடலுக்குப் போகிறது. மன்னார் வளைகுடாவுக்கு இரண்டு பங்கு சூடு கொடுத்த பிறகே மருமகன் அறைக்கு ஒரு பங்கு வருகிறது என்பதை அவனிடம் விளக்கினேன். "அப்ப நம்ம பங்கு கம்மிதானே மாமா" என்றான்.

அவன் கட்சி, சூடு ஒரு பிரச்சினையே இல்லை, கிராபிக்ஸ் கார்டை மாற்றினால் போதும் என்பது. 2011-இல் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது அதில் வைஸ் சிட்டி விளையாட்டை ஓட்டிப் பழகிய தலைமுறை அவனுடைய அண்ணன்மாருடையது. அதில் ராம் மாற்றலாம், வன்தட்டு மாற்றலாம் என்று அவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன், கார்டும் அப்படித்தான் என்று நம்பிவிட்டான். வண்ணார்பேட்டையில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கூட்டிப்போனேன். அண்ணாச்சி கழுத்தில் துண்டோடு பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, டெஸ்க்டாப் கார்டுன்னா அது ஸ்டிக்கர் பொட்டு, எடுத்துட்டு வேற ஒட்டிக்கிடலாம். இது பச்சை குத்துனது."

இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் காணவில்லை. கிராபிக்ஸ் சிப்புக்கு அடியில் கடுகைவிடச் சிறிய வெள்ளீயக் குண்டுகள் நூற்றுக்கணக்கில் மதர்போர்டோடு உருகி ஒட்டியிருக்கின்றன. 220 டிகிரி போலச் சூடு காட்டினால்தான் விடும். விட்டாலும் வேறு இனத்துச் சிப் அந்தக் கோலப்புள்ளியில் உட்காராது. ஒரு காலத்தில் நிலைமை இப்படி இல்லை. 2004-இல் எம்.எக்ஸ்.எம் என்று கழற்றி மாட்டும் அட்டை வந்தது. இன்று அதைக் கேமிங் லேப்டாப்பில் தேடுவது அக்னி நட்சத்திரத்தில் பனிக்கட்டி தேடுவது. பிராசசரும் அப்படியே. 2013-இல் வந்த நாலாம் தலைமுறை இன்டெல்லோடு, சில தடித்த மாடல்களைத் தவிர, சாக்கெட்டுக் காலம் முடிந்தது. தண்டர்போல்ட் வழியாக வெளியே ஒரு பெட்டியில் பெரிய கார்டை மாட்டலாம்தான். பெட்டி, கார்டு, அதற்கொரு பவர் சப்ளை என்று விலை சொன்னதும் அத்தான் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். மிஞ்சியது ராமும் எஸ்.எஸ்.டியும். அவற்றால் சூடு தணியாது.

எனவே குளிர்விப்பது ஒன்றே வழி என்று ஆய்வு திரும்புகிறது. இங்கேதான் இக்கட்டுரையின் மூலக் கண்டுபிடிப்பு வருகிறது.

தாமிரபரணி என்ற பெயருக்கு அறிஞர்கள் செம்பு நிற இலை என்றெல்லாம் பொருள் சொல்கிறார்கள். பழைய பெயர் பொருநை. அதெல்லாம் இருக்கட்டும். தாமிரம் என்றால் செம்பு. பரணி என்றால் ஊறுகாய் போட்டு வைக்கும் சாடி; ஐயமுள்ளோர் எந்த ஆச்சியையும் கேட்கலாம். ஆகத் தாமிரபரணி என்பது நீர் அடைத்த செம்புச் சாடி. லேப்டாப்பைத் திறந்தால் உள்ளே கறுப்புப் பூசிப் படுத்திருக்கும் ஹீட் பைப்புக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ப் பெயர் உண்டா?

ஒற்றுமை பெயரோடு நிற்கவில்லை. ஹீட் பைப் என்பது இரு முனையும் அடைத்த செம்புக் குழாய். உள்ளே காற்றை உறிஞ்சிவிட்டுச் சில துளித் தண்ணீர் விட்டிருப்பார்கள். காற்றில்லாததால் அந்தத் தண்ணீர் கொஞ்சச் சூட்டிலேயே ஆவியாகும். சிப்பின் மேல் ஆவியாகி, ஃபேன் பக்கம் ஓடி, அங்கே குளிர்ந்து மறுபடி தண்ணீராகி, உட்சுவரில் இருக்கும் திரி வழியாக ஊர்ந்து சிப்புக்கே திரும்புகிறது. கடலில் ஆவியாகி, பொதிகையில் மழையாகி, பாபநாசத்தில் இறங்கி, எட்டு அணைக்கட்டில் தேங்கித் தேங்கி, புன்னைக்காயலில் கடல் சேரும் ஆறு 120 கிலோமீட்டருக்கு மேல் நடந்து செய்யும் வேலையை, இது ஒரு சாணில் செய்கிறது. ஆற்றுக்குச் சரிவு வேண்டும். இந்தத் திரிக்கு அதுவும் வேண்டாம், மேட்டிலும் ஏறும். கன்னடியன் கால்வாய்க் கடைமடை விவசாயிகள் இதைக் கவனிப்பார்களாக. அமெரிக்காவில் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் குரோவர் என்பவர் 1963-இல் இதற்கு ஹீட் பைப் என்று பெயர் வைத்தார். அவர் பாபநாசம் வந்து குளித்ததற்குச் சான்று இல்லை.

ஏன் செம்பு? நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் நெல்லையப்பர் கோயிலில் இருப்பது தாமிர சபை என்பதை அறிவோம். வெப்பம் கடத்தும் திறனை எண்ணால் சொன்னால் வெள்ளி 429, செம்பு 401, தங்கம் 318. ஆக, ஹீட் பைப் கண்ணோட்டத்தில் வெள்ளியம்பலத்து மதுரை முதலிடம், நெல்லை இரண்டு, பொன்னம்பலத்துத் தில்லை மூன்று. குற்றாலத்துச் சித்திர சபை பற்றி மௌனம் காப்பதே மரியாதை. வண்ணப்பூச்சு வெப்பத்தைக் கடத்துவதில்லை. மதுரைக்காரர்கள் துள்ள வேண்டாம். வெள்ளியில் எவனும் ஹீட் பைப் செய்வதில்லை, கட்டுப்படியாகாது.

இனிச் சோதனைகள். முதலில் லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு கோவில்பட்டித் தீப்பெட்டிகள் வைத்துத் தூக்கினோம். அடியில் காற்றுப் போக வழி கிடைத்து மூன்று நாலு டிகிரி இறங்கியது. செலவு நாலு ரூபாய், அடுக்களையில் ஒரு சண்டை. அடுத்து, பத்தமடைக் கல்யாணப் பாயில் வைத்துப் பார்த்தோம். மணமகளுக்கு உகந்தது லேப்டாப்புக்கு உகந்ததல்ல. கோரை சூட்டைத் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறது. மெத்தை இன்னும் மோசம், மூக்கைப் பொத்துவது போல. மூன்றாவது சோதனையை வீட்டு ஆச்சி முன்மொழிந்தார்: "ஈரத்துணிய மேல போடுல, பானைத் தண்ணி குளுருதுல்லா?" வெப்ப இயக்கவியல்படி இது பிழையற்ற கருதுகோள். மின்னியல்படி மட்டுமே தள்ளுபடி செய்தோம்.

வோல்டேஜைக் குறைக்கும் வழியை மருமகனே கொண்டுவந்தான். இது அசல் சாஸ்திரம். பத்து சதவீதம் குறைத்தால், அதே வேகத்தில் சூடு 19 சதவீதம் வரை குறையும், ஏனென்றால் சூடு வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறுகிறது. ஆனால் 2019-இல் பிளண்டர்வோல்ட் என்று ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு பல மாடல்களில் அந்தக் கதவைப் பூட்டிவிட்டார்கள். இவன் பெட்டியிலும் பூட்டு.

மறுபடி அண்ணாச்சி. பதினொரு திருகு; அதில் இரண்டு நீளம், மாற்றிப் போட்டால் போர்டில் குத்தும் என்று ஒரு சோப்பு டப்பாவில் இருந்த இடப்படியே அடுக்கினார். அடிமூடியை நகத்தால் நெம்பினார். ஃபேனுக்கும் செதில் போன்ற செம்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளி போல ஓர் அடை. அதை இடுக்கியால் ஆப்பம் எடுப்பது போல முழுசாக உரித்து மேசையில் வைத்தார். உற்றுப் பார்த்தேன். தலைமுடி, பவுடர், காராச்சேவுத் தூள், நடுவே சிவப்பாகத் தேரி மணல். ஆடிக் காற்று எங்கிருந்தோ கொண்டுவந்து மருமகன் லேப்டாப்பில் சேமித்திருக்கிறது. காற்று வெளியேற வேண்டிய வாசலில் முக்கால் பங்கு அடைப்பு.

பிறகு ஹீட் பைப்பைத் தூக்கினார். அடியில் தெர்மல் பேஸ்ட் மைதாப் பசை போலக் காய்ந்து வெடித்திருந்தது. இந்தப் பேஸ்ட் பற்றி மக்களிடையே மூடநம்பிக்கை மிகுதி. அது சூட்டை அள்ளிக்கொண்டு போவதில்லை. செம்பு கடத்துவதில் மிகச் சிறு பங்குதான் கடத்தும். சிப்புக்கும் செம்புக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று தங்கியிருக்கும், காற்று அதைவிடப் பல மடங்கு சோம்பேறி. அதை விரட்டுவது மட்டுமே பேஸ்டின் வேலை. தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல மெல்லியதாக இருக்க வேண்டும், அல்வாவில் நெய் ஊற்றுவது போல அல்ல. பேஸ்டுக்குப் பதில் 45 டிகிரி வாக்கில் இளகிப் பரவும் தகடு ஒன்று வந்திருக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால்தான் தாளை உரிக்க முடியும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் ஒட்டும் முன்பே வேலையைத் தொடங்கிவிடும். திரவ உலோகமும் உண்டு, அதில் முக்கியச் சரக்கு காலியம். காலியம் உருகுவது 29.76 டிகிரியில், அதாவது நம்மூரில் பெரும்பாலான மதியங்களில் அது தானாகவே திரவம். ஆனால் அலுமினியத்தைக் கண்டால் அரித்துவிடும் என்று அண்ணாச்சி அதைத் தொடுவதில்லை. பேஸ்டே போட்டார்.

வீடு திரும்பி ஓட்டினோம். எண் 88. மருமகன் விசிலடித்தான். நான் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். 38.

இந்த 38-ஐத்தான் எந்த ஃபேனும் வெல்ல முடியாது. ஃபேன் அறைக் காற்றைத்தான் ஊதுகிறது. காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க அதனால் ஆகாது. அறை ஒரு டிகிரி இறங்கினால் சிப்பும் ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும். குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் தென்காசிக்காரனுக்கு நொடிக்கு ஓடும் படங்களின் எண்ணிக்கையான எஃப்.பி.எஸ் கூடுவது இதனால்தான். பாளையங்கோட்டைக்காரன் எந்தக் கார்டு வாங்கினாலும் அவனுக்குச் சமமாக மாட்டான். தெர்மாமீட்டரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்க அலைந்தேன். தார்சாவில் 36. அடுக்களையில் எடுக்க அக்காள் விடவில்லை. அரங்கில் 31.

ஒரு பைசா செலவில்லாமல் ஏழு டிகிரி. லேப்டாப்பை அரங்குக்கு இறக்கினோம். நெல் குதிருக்கும் வெண்கலப் பானைக்கும் நடுவே முக்காலி போட்டு, தீப்பெட்டி இரண்டையும் அடியில் வைத்து, மருமகன் ஆரம்பித்தான். எண் 81-இல் நின்றது. அரை மணி நேரம் லாக் என்ற சொல் கேட்கவில்லை. இருட்டில் சாவிகள் மட்டும் பச்சையும் ஊதாவுமாக மாறி மாறி மின்னின. கட்டுரையை இந்த வெற்றியோடு முடிக்கலாம் என்று நோட்டை மூடப்போனேன். ஆச்சி கையில் கரண்டியோடு உள்ளே வந்தார். எக்ஸாஸ்ட் பக்கம் கையை நீட்டிப் பார்த்தார்.

"எலே, இந்த அனல் நேரா என் நார்த்தங்காய்ப் பரணி மேல அடிக்கி. பரணியை நான் நகட்டவா, ஒம் பொட்டிய நீ நகட்டுதியா?"